தாடைக்குக் கீழே பச்சை

புதுக்கோட்டையில் ஓவிய வகுப்புக்குப் போகிறேன். பழைய மேல்நாட்டு ஓவியத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, எண்ணெய் வண்ணத்தில் அப்படியே தீட்ட வேண்டும். பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைன் பாட்டிலைத் திறந்ததும், அந்த வாடையில் மீமிசலில் எங்கள் வீட்டு வாசல் கண்ணில் வந்து நின்றது.

அப்பா படகுக்குப் பெயின்ட் அடிப்பவர். வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான் மட்டும்தான். ஓவியப் போட்டியில் பரிசு வாங்குகிறவனும் நான்தான். ஒருநாள் அக்கா மிஞ்சின பெயின்டை எடுத்து, பலகையில் அம்மா முகத்தை வரைந்தாள். அம்மாவே உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"தாடைக்குக் கீழ என்ன பச்சை? அம்மாவுக்குப் பாசியா புடிச்சிருக்கு?"

"அம்மாவ அங்கிட்டு நெழல்ல நிக்கச் சொல்லிப் பாருடா. பச்சையாத்தான் தெரியும்."

அவள் தண்ணீர் எடுக்கப் போனதும், டர்பன்டைனில் துணியை நனைத்துப் படத்தை அழித்துவிட்டேன். திரும்பி வந்தவள் பலகையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அப்புறம் பிரஷைத் தொடவே இல்லை.

வகுப்பில் எல்லோரும் தாடை நிழலுக்குக் கறுப்பைக் குழைத்தார்கள்; முகம் அழுக்காகிவிட்டது. நான் கொஞ்சம் பச்சை சேர்த்தேன். அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது.

"யாரு தம்பி சொல்லிக் குடுத்தா?" என்றார் சார்.

அக்கா பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நானாப் பாத்ததுதான் சார்" என்றேன்.