சுழல் பாலத்து அண்ணி

என் அண்ணிக்கு ரயில்வேயில் வேலை கிடையாது. சம்பளப் பதிவில் அவள் பெயர் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனாலும் அந்தச் சுழல் பாலத்தைப் பதினெட்டு வருஷம் சுற்றியவர்களில் அவளும் ஒருத்தி. இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் பக்கத்தில் நின்று தள்ளியவள் நான்.

பாலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் நடுவே பெரிய கல் தூண். அதன்மேல் இரும்புப் பாலம் தராசுக் கோல் மாதிரி இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும். ரயில் வரும்போது கரைக்குக் கரை நேராக நிற்கும். பாய்மரப் படகு வந்தால் நடுத்தூணில் நான்கு பேர் செக்கு மாடு மாதிரி உருளையைத் தள்ளிச் சுற்ற வேண்டும். பாலம் மெதுவாக ஆற்றோடு திரும்பிக்கொள்ளும், படகு பக்கத்தில் புகுந்து போய்விடும். அந்தக் காலத்தில் பாதிப் படகுகளுக்கு எந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் எந்திரத்தை நம்பாமல் பாய்மரத்தையும் கழற்றாமல் வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே எப்போதாவது விமானம் போகும். அண்ணி அண்ணாந்து பார்த்து, "அவன் ஒருத்தன்தான் நம்மகிட்ட வழி கேக்காம போறான்" என்பாள்.

அண்ணன்தான் பாலத்துக்குப் பொறுப்பு. அவருக்குக் கீழே எண்ணெய் போடும் பெரியவர் ஒருவர், நெட்டையன் என்று ஓர் ஆள். ஆக மூன்று பேர். நான்காவது ஆளை மேலே கேட்டுக் கேட்டு அண்ணன் அலுத்துப்போனார். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உருளையைப் பிடித்துவிட்டாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக வந்த நான் அங்கேயே தங்கிவிட்டேன். எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

உருளையை அவள் தள்ளலாம், லீவரை மட்டும் தொடக் கூடாது. நடுத்தூணின் மேல் ஒரு பலகை அறை உண்டு. கைகாட்டியை ஏற்றி இறக்கும் லீவர் அங்கே இருந்தது. கைகாட்டி இறங்கியிருந்தால் ரயில் வரலாம், நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். சம்பளம் வாங்காதவர் லீவரைத் தொட்டால் பொறுப்பாளர் வேலை போகும் என்று அறைச் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது என்பதால் அண்ணனே வாரம் ஒரு முறை அதை வாசித்துக் காட்டுவார்.

வெயில் காலத்தில் இரும்பு வீங்கும். பாலத்தின் முனைகள் கரைக் கல்லோடு இறுகிக்கொண்டால் நாற்பது பேர் தள்ளினாலும் அசையாது. அதனால் கோடையில் பத்து மணிக்கு ஒரு முறையும் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறையும் இரண்டு முனையிலும் ஆற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவோம். பாலத்தைக் குளிப்பாட்டுவது என்று அதற்குப் பெயர்.

அந்த வருஷம் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. மதிய ரயிலின் கடைசியில் அவருக்கென்று ஒரு பெட்டி கோத்து வருகிறார்களாம். அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் பாலத்தின் இரண்டு முனைகளுக்கும் பளபளவென்று கருப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு அண்ணி வாளியோடு போனாள்.

"ஏய், வாளியக் கீழ வை. பெயின்ட் இன்னும் காயல. தண்ணி பட்டா கோடு கோடா வடியும். வர்றவரு பாத்தா என் மானம் போயிடும்."

"உங்க மானம் காயறதுக்குள்ள இரும்பு வீங்கிடுமேங்க."

"ஒரு நாளைக்கு வீங்கட்டும். இன்னிக்கு மதியம் படகு எதுவும் கிடையாது."

"கருப்பு வேற அடிச்சிருக்கீங்க. கொடியில கருப்புத் துணி எவ்வளவு சீக்கிரம் காயுதுன்னு பாத்ததே இல்லையா?"

"எல்லாம் தெரிஞ்ச மகராசி. போய் உலையப் பாரு."

பன்னிரண்டு மணிக்கும் அவர் ஊற்ற விடவில்லை. நாங்கள் இருவரும் வேடிக்கை பார்க்க நடுத்தூணுக்குப் போய் நின்றோம். அண்ணன் கஞ்சி போட்ட சட்டையோடு விறைப்பாக நின்றார். முந்தின ஸ்டேஷனிலிருந்து மணி வந்தது. ரயில் கிளம்பிவிட்டது. அண்ணன் லீவரை இழுத்தார். தூரத்தில் கைகாட்டி இறங்கியது.

அப்போதுதான் மேலாற்றில் அந்தப் படகைப் பார்த்தேன். செங்கல் ஏற்றிய சரக்குப் படகு. எந்திரச் சத்தமே இல்லை. ஆற்றின் இழுப்பு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"நங்கூரம் போட்டுடுவான்" என்றார் அண்ணன்.

"போட்டிருக்கான். மணல்ல பிடிக்கல. அரிச்சுக்கிட்டே வருது" என்றார் எண்ணெய்ப் பெரியவர்.

படகுக்காரன் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி இடுப்பில் கைக்குழந்தை. இன்னொரு பிள்ளை, தவறி விழாதபடி இடுப்பில் கயிறு கட்டிப் பாய்மரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. படகில் பிழைப்பவர்கள் எல்லோரும் பிள்ளைகளை அப்படித்தான் கட்டி வைப்பார்கள். அந்தப் பாய்மரம்தான் முதலில் பாலத்தில் வந்து மோதும்.

"கைகாட்டியத் திருப்பிப் போடுங்க" என்றாள் அண்ணி.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டிக்கு வழி கொடுத்தாச்சு. அதுலயும் இன்னிக்கு வண்டி..."

"புகை இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம்தாங்க இருக்கு. இப்பப் போட்டா டிரைவர் பாத்துடுவாரு."

அண்ணன் படகைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், மறுபடியும் படகைப் பார்த்தார். கை மட்டும் லீவர் பக்கம் போகவில்லை. அண்ணி அவரைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்து, லீவரைத் தள்ளினாள். டணாரென்று ஒரு சத்தம். தூரத்தில் கைகாட்டி நீட்டிக்கொண்டது.

"நெட்டத் தம்பி, சிவப்புக் கொடிய எடுத்துக்கிட்டு ஓடு. வண்டி நிக்கற வரைக்கும் நிக்காத."

நெட்டையன் தண்டவாளக் கட்டைகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடினான். எண்ணெய்ப் பெரியவர் முனைப் பூட்டுகளை விடுவித்தார். நாங்கள் நான்கு பேரும் உருளையில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினோம். பாலம் ஒரு முனகல்கூட முனகவில்லை.

அண்ணி அண்ணனைத் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை. "வாளி" என்றாள். "நம்ம வீட்டுப்பக்க முனை முதல்ல. அங்க காத்தே படாது, அதுதான் மொதல்ல பிடிச்சிருக்கும்." தினம் அந்த முனையின் கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போட்டுக் கை சுட்டுக்கொண்டவள், அவளுக்குத் தெரியும். அவளும் நானும் அந்த முனைக்கு, ஆண்கள் இருவரும் எதிர் முனைக்கு ஓடினோம். கயிறு கட்டிய வாளியை ஆற்றில் இறக்கி, இழுத்து, ஊற்றினோம். இரும்பு சீறியது. ஆவி முகத்தில் அடித்தது. பெயின்ட் கருப்புக் கண்ணீராக வடிந்தது. எத்தனை வாளி என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் தோல் உரிந்தது மட்டும் தெரியும்.

திடீரென்று முனையில் பட்டென்று ஒரு சத்தம்.

"விட்டுடுச்சு. ஓடு வாயாடி."

மறுபடியும் உருளைக்கு ஓடினோம். படகு இப்போது ஐம்பது அறுபது முழ தூரம்தான். அந்தப் பெண் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்ப்பதும் ஒரு கையால் முடியாமல் தவிப்பதும் தெரிந்தது. நாங்கள் உருளையில் கை வைத்தோம். அண்ணன் மட்டும் வைக்கவில்லை.

"வண்டி நின்னுடுச்சான்னு தெரியாம எப்படித் திருப்பறது?" அவர் வளைவுப் பக்கம் திரும்பினார். "பாலம் மூடியிருந்தா வண்டியாவது தப்பிக்கும். திறந்து வச்சு வண்டி வந்துட்டா? இருநூறு முந்நூறு பேரு."

அவர் சொன்னது தப்பில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். நெட்டையன் வளைவில் மறைந்துவிட்டிருந்தான். மரங்களுக்கு மேலே புகை மட்டும்தான் தெரிந்தது. ரயில் நீளமாக ஒரு விசில் கொடுத்தது. வருகிறேன் என்றும் கொள்ளலாம், ஏன் மறித்தாய் என்றும் கொள்ளலாம். அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் குழந்தைகள்.

அண்ணி உருளையைப் பிடித்தபடியே கழுத்தை நீட்டி மரங்களுக்கு மேலே பார்த்தாள். ஓடுகிற வண்டியின் புகை பின்னால் சாயும். அது சாய்ந்துதான் இருந்தது. படகு நெருங்கியது. அவள் அசையவில்லை. எண்ணெய்ப் பெரியவர், "அம்மா" என்றார். அவள் கையைக் காட்டி அடக்கினாள். புகையின் சாய்வு குறைந்தது. நிமிர்ந்தது. ஒரு கம்பம் மாதிரி நேராக ஏறியது.

"நின்னுட்டான். தள்ளுங்க."

தள்ளினோம். முதலில் ஒரு விரல் அளவு, பிறகு ஒரு சாண். பாலம் அலறிக்கொண்டு திரும்பியது. படகின் முனை திறப்புக்குள் நுழைந்தபோது பாலம் முக்கால்வாசிதான் திரும்பியிருந்தது. பாய்மரத்தின் உச்சி இரும்பில் உரசி, ஒரு முழ நீளத்துக்குச் சிலாம்பு உரிந்து ஆற்றில் விழுந்தது. படகு போய்விட்டது. கீழே அந்தப் பிள்ளை வாய்விட்டு அழுதது. அவ்வளவு நேரம் அது அழவே இல்லை.

பாலத்தை மறுபடி மூட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூடியதும் முதலில் நடந்து வந்தவர் அதிகாரி. பின்னால் காகிதமும் பேனாவுமாக ஒரு குமாஸ்தா, வியர்வையில் நனைந்த நெட்டையன். அதிகாரியின் வெள்ளை நிறக் காற்சட்டையில் கருப்புப் பெயின்ட் தீற்றியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலையில் ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று கேட்டார். அண்ணன் உள்ளதைச் சொன்னார். வண்டி நின்றதைப் புகையில் பார்த்த பிறகுதான் பாலத்தைத் திருப்பினோம் என்று எண்ணெய்ப் பெரியவர் சேர்த்துச் சொன்னார்.

"கைகாட்டியத் திருப்பிப் போட்டது யாரு?"

பலகை அறைக்குள் வந்ததும் இதைக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த சட்டம் அவர் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார்.

"நான்தாங்க" என்றாள் அண்ணி.

"நீ யாரு?"

"இவரு சம்சாரம்."

"யார் சொல்லிப் போட்ட?"

"யாரும் சொல்லலீங்க. பாத்தேன், போட்டேன்."

அதிகாரி குமாஸ்தா பக்கம் திரும்பினார். குமாஸ்தா எழுதாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எழுதிக்கோ" என்றார் அதிகாரி. "புகையப் பாத்துத்தான் திருப்பினாங்கன்னு அந்தப் பெரியவரு சொன்னாரே, அதையும் எழுது."

அதை எழுதியதால்தான் அண்ணனின் வேலை தப்பியது என்று எண்ணெய்ப் பெரியவர் சொல்வார். பாலம்தான் எங்கள் கையை விட்டுப் போனது. பத்தாம் நாள் அண்ணனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தண்ணீரே இல்லாத உள்நாட்டில், சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், கேட் மூடித் திறக்கிற வேலை. கைகாட்டி இல்லை, லீவர் இல்லை, ஒரு மரக் கேட்டும் ஒரு சிறிய வீடும்தான்.

மூட்டை கட்டும் வரை அண்ணன் அவளோடு பேசவில்லை. கடைசி மூட்டைக்குக் கயிறு போடும்போதுதான் வாய் திறந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா நானே போட்டேன்னு சொல்லியிருப்பேன்ல. பாலத்த விட்டுப் போக வேண்டியிருந்திருக்காது."

"பொறுத்தேன்" என்றாள் அண்ணி. பாத்திரங்களுக்கு நடுவே பழைய துணியைத் திணித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "அவரு கேட்டதும் மூணு மூச்சு பொறுத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு."

அண்ணன் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினார். ஏற்கனவே இறுகியிருந்த முடிச்சுதான். மறுபடியும் இறுக்கினார்.