குடல்வால் என்று சொன்ன நாட்கள்

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது என் வயிற்றிலிருந்த கட்டிக்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர் இருந்தது. ஸ்கேன் தாளின்படி அது இடது சினைப்பையில் கட்டி. கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊரான கொல்லயிலில் அயல்வீடுகளுக்கு அது குடல்வால். இரண்டாவது பெயரை வைத்தவள் அத்தை.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். விடுப்பு கிடைக்கவில்லை. அப்பா பஸ் கண்டக்டர். பகல் முழுக்க ஊராரிடம் பேசித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது பேச்சு மிச்சமில்லாமல் வருவார். பெண்பிள்ளை விஷயமாயிற்றே என்று குன்னத்துகாலிலிருந்து தன் அக்காளை வரவழைத்திருந்தார். அத்தை வந்த அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஆரு கேட்டாலும் குடல்வால்னு செல்லணும். நீ பெண்பிள்ளையாக்கும். நாளைக்கு ஒருத்தன் கேட்டு வரண்டாமா?"

யார், எதைக் கேட்டு வருவான் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே சொல்லக்கூடாத நோய் என்றால் நான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. மாதவிலக்கு நாளில் அத்தை வீட்டுச் சாம்பை மரத்தில் ஏறியதுதான் காரணம் என்று கடைசியில் முடிவு செய்தேன். அதை அத்தையிடம் சொல்ல முடியாது.

ஆப்பரேஷனுக்கு ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்ததால் பதினொரு நாள் தள்ளிப்போனது. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, பள்ளிக்கும் போகக்கூடாது. கட்டியை எடுத்துப் பரிசோதித்தால்தான் அது எந்த வகை என்று சொல்ல முடியும் என்று டாக்டர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் மலையாளத்தில் சொல்லியிருந்தார். நான் படிப்பதே மலையாளப் பள்ளியில் என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் என் வகுப்புத் தோழி நோட்டுகளோடு வந்தாள். அவளுடைய அண்ணனுக்கும் குடல்வால் எடுத்தார்களாம். வலது பக்கம் தழும்பு இருக்கிறதாம். நான் இடது பக்கத்தில் வைத்திருந்த கையை மெதுவாக வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவள் போன பிறகு நோட்டுகளைத் திறக்கவே தோன்றவில்லை. அம்மா தினமும் மாலையில் வீடியோவில் வந்து, சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்பாள். நான் செத்துப்போவேனா என்று அவளிடம் கேட்க நினைப்பேன். அத்தை பின்னால் நிற்பாள். எண்ணெய் வைத்தேன் என்பேன்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவும் அத்தையும் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அடுத்த கட்டிலில் இருந்த மீன் விற்கும் அக்கா எனக்கு என்ன நோய் என்று கேட்டாள். குடல்வால் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இது கெர்ப்பப்பைக்கு உள்ள வார்டாக்கும் மக்களே. இஞ்ச குடல்வால்காரி ஒருத்தியும் இல்ல."

அவளுக்குக் கர்ப்பப்பையையே எடுக்கப் போகிறார்களாம். அது கடற்கரை முழுக்கத் தெரியுமாம், அவளே சொன்னாளாம். நான் அழ ஆரம்பித்தேன். இடது பக்கத்தைக் காட்டினேன். சாம்பை மரத்தையும் சொன்னேன்.

"மரத்துல ஏறினா கட்டி வராது. நான் ஒரு மரத்துலயும் ஏறினதில்ல, எனக்கு வந்துதே."

"நான் செத்துப்போவனா அக்கா?"

வேறு யாராவது என்றால் உடனே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு அறியாது மக்களே. எனக்கும் பேடியாத்தான் இருக்கு."

அந்தப் பயத்தோடேயே தன் கட்டிலில் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். அத்தை திரும்பி வரும்வரை அவளோடு ஒட்டிப் படுத்திருந்தேன்.

மறுநாள் எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் மங்கலாக இருந்தது. அப்பா ஜன்னலோரம் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"ஒண்ணு உண்டு, கேட்டியா? நமக்கு ஒண்ணு பாக்கி உண்டு."

நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. என்னைத்தான் சொல்கிறார், நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்து, பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். கட்டி கேடில்லாதது என்று பரிசோதனை முடிவு வந்ததை எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். கட்டியோடு இடது சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள், அப்பா சொன்ன அந்த ஒன்று வலது பக்கத்தில் இருப்பது என்று அம்மா என்னிடம் சொல்வதற்கு மேலும் ஏழு வருடம் ஆனது.