வலை அலமாரியில் ஒரு சர்வர்

காப்பி குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் கல்யாணசுந்தரி தரையில் குந்தி உட்கார்ந்து, அலமாரியின் நான்கு கால்களுக்கு அடியிலும் உள்ள கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுகிறார். எறும்பு ஏறக் கூடாது. கம்பிவலைக் கதவு போட்ட பழைய அலமாரி அது. முன்பு பாலும் மீந்த குழம்பும் இருந்த இடம். இப்போது அங்கே திரை செத்துப்போன மடிக்கணினி ஒன்று, போன்களில் எடுத்த படங்களைச் சேமித்துக்கொண்டு, மூடியபடியே இரவும் பகலும் ஓடுகிறது. காற்று போகும், பல்லி போகாது. தரையில் வைத்திருந்த காலத்தில் சிற்றெறும்பு உள்ளே முட்டையிட்டு வைத்திருந்ததாம்.

வயது நாற்பத்தொன்பது. மேலகரத்தில் வீடு, தென்காசியில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை. ஆலை கழித்துப்போட்ட மடிக்கணினியை வாங்கிவந்து, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து லினக்ஸ் இயங்குதளம் ஏற்றியிருக்கிறார். கட்டளைகளெல்லாம் நாள்காட்டித் தாள்களின் பின்புறம் எழுதப்பட்டு வலையில் செருகிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் சிவப்பு மையில்: ‘அழிக்கிற கட்டளையை அடிக்கும் முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடி.’

கணவர் சுந்தரபாண்டிக்குச் சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டுவருகிறவர்தான். “ஒஞ் சர்வருக்கு இன்னைக்கு டிப்ஸ் குடுத்தாச்சா?” என்று தினமும் கேட்பார். கல்யாணசுந்தரி அந்தக் கேலியையே விளக்கமாக்கிக்கொண்டார். யார் கேட்டாலும் அதே பதில்தான்: “நாம கேக்கத எடுத்துட்டு வந்து வைக்கான்லா, அதான் சர்வர். வீட்டுலயே பொங்கித் திங்கையில கடையில எதுக்குப் போய் நிக்கணும்?”

அந்தச் சாப்பாட்டில் பக்கத்து வீட்டு மாஜிதாவுக்கும் பங்குண்டு. மாஜிதா கல்யாண ஜாக்கெட்டுகள் தைத்து, அவற்றில் ஆரிப் பூவேலை செய்கிறவர். அளவுகளைத் துண்டுத் தாளில் குறித்து, படம் எடுத்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். இரண்டு வீட்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடுகிறது. அவர் வீட்டில் போனைச் சார்ஜில் போட்டதும் படங்கள் தாமாகவே வலை அலமாரிக்கு வந்து சேரும். “மாத்துச் சாவிய எங்கிட்ட குடுத்து வச்சிருக்காள்லா, அது மாதிரித்தான் இதுவும்,” என்பார் கல்யாணசுந்தரி.

இந்த ஆடிச் சாரலில், ஒரு திங்கட்கிழமை, ஐந்தருவிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போன மாஜிதாவின் கையிலிருந்து போன் நழுவித் தண்ணீரோடு போயிற்று. ஆவணி முகூர்த்தங்களுக்கு இருபத்திரண்டு ஜாக்கெட் தைத்தாக வேண்டும். ஒன்றின் அளவுகூடக் கையில் இல்லை. அழுதுகொண்டு வந்து நின்றவருக்கு ஆறுதல் சொல்லாமல், கல்யாணசுந்தரி தன் போனில் அலமாரிப் படங்களைத் திறந்து நீட்டினார். கீழப்பாவூர்ப் பெண் இருந்தாள். புளியறைக்காரி இருந்தாள். மாஜிதா மூக்கை உறிஞ்சியபடி ஒவ்வொருத்தியாக எண்ணிக்கொண்டு வந்தார். பத்தொன்பதில் நின்றுவிட்டது. வியாழனுக்குப் பிறகு ஒரு படமும் இல்லை.

கல்யாணசுந்தரி மாடிக்கு ஏறினார். மாஜிதா பின்னாலேயே போனார். கேபிள் வயிறு தொங்கி நின்றது. அதன் மேல் ஓர் ஈரப் போர்வை, இரண்டு துண்டு. மாஜிதா வீட்டுப் பக்கம் முனை பிய்ந்து கழன்று கைப்பிடிச் சுவரில் கிடந்தது.

“கொடியெல்லாம் நெறஞ்சி போச்சிக்கா. சாரல்ல ஒண்ணும் காய மாட்டேங்குது,” என்றார் மாஜிதா, மெதுவாக.

“எத்தன மட்டம் சொல்லியிருக்கேன், அது கொடி இல்லட்டின்னு. போன்தான் அருவியில போச்சி. மூணு பேரு அளவ நீதான் காயப் போட்டுட்ட.”

சொல்லிவிட்டு, விடுபட்டது யார் யார் என்று கேட்டு அவரே கணக்குப் போட்டார். மூன்றில் இரண்டு பேர் இதே தெரு. செங்கோட்டைப் பெண்ணைப் புதன்கிழமை வரச் சொல்லி மறுபடி அளந்துகொள்ளலாம். வியாழனுக்குப் பிறகு படம் வரவில்லை என்பதைத் தானும் கவனித்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே போய், புது முனையும் அதை இறுக்கும் கருவியும் எடுத்துக்கொண்டு மாஜிதா வீட்டு மாடிக்கு வந்தார்.

கேபிளின் உள்ளே எட்டு வண்ணக் கம்பிகள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று வரிசையாக நிறுத்த வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் கல்யாணசுந்தரிக்கு மூன்று தடவை கலைந்தது. “இங்கன தாங்க,” என்று வாங்கிய மாஜிதா, சொல்லச் சொல்ல எட்டையும் விரல் நுனியில் ஊசி நூல்போல நிறுத்திவிட்டார்.

“ஏட்டி, இது தெரிஞ்சிருந்தா ஒன்னையே வேலைக்கு வச்சிருப்பேனே.”

முனையை இறுக்கிச் செருகியதும் அந்த வீட்டுப் படிக்கட்டு அறையில் இருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. கல்யாணசுந்தரி கருவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மாஜிதா போர்வையையும் துண்டுகளையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, சாரல் தூறிக்கொண்டே இருக்க, கைக்கு எட்டிய தூரம்வரை அந்தக் கேபிளைத் துப்பட்டா நுனியால் துடைத்தார்.