மாசி மகத்துக்கு வந்த அசல் சான்றிதழ்

1991 பிப்ரவரி 27, பிற்பகல் 2.40. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு, ஆளுக்கு மூன்று ரூபாய் டிக்கெட். நாங்கள் மூன்று பேர்: நான், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் கன்னியப்பன், அவருடைய மகள் மலர்.

மலர் செவிலியர் பயிற்சிக்கு மனுப் போட மறுநாள் மாலை ஐந்து மணிதான் கடைசி. மனுவோடு பழங்குடிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கோட்டாட்சியர் விசாரணையை முடித்துவிட்டார். தந்தை வழி உறவினர் ஒருவருடைய சான்றிதழின் அசலைக் கண்ணால் பார்த்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கன்னியப்பனிடமே ஒன்று இருந்திருக்க வேண்டும். பத்து வருடம் முன்பு அவர் கொடுத்த மனுவில் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று குறிப்பெழுதியவன், அன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து இப்போது ஓய்வுபெற்றுவிட்ட நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அலுவலகத்தில் பெயர்.

“அண்ணன்கிட்ட கீது சார் பேப்பரு,” என்றார் கன்னியப்பன். அண்ணன் முனுசாமிக்குத் திருத்தணிப் பக்கம் ஏதோ ஓர் அரிசி ஆலையில் வேலை.

“முன்னாடியே ஒரு கடுதாசி போட்டிருக்கலாமேப்பா?”

“எந்த நம்பருக்கு சார் போடறது? அண்ணனுக்கும் எங்க கதிதான். மக்கள்தொகை எடுக்க வந்தவங்க, எங்க குடிசைல கதவு இல்லேன்னு பக்கத்துப் பனமரத்துல நம்பர எழுதிட்டுப் போனாங்க. ஆள எண்ணினாங்களோ மரத்த எண்ணினாங்களோ.”

மலர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மாசி மகத்தன்று இருளர்கள் எங்கெங்கிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுவார்கள். முனுசாமியும் வருவார். அவரைச் சந்திக்க அது ஒன்றுதான் முகவரி.

மாலை 6.10. செங்கல்பட்டில் பேருந்து மாறி வந்து சேர்ந்தோம். நிலா முன்னதாகவே கடலுக்கு மேல் வந்திருந்தது. மணல் நெடுகப் புடவைகளைக் குச்சிகளில் கட்டிய கூடாரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அடுப்பு. காற்று வீசினால் கரை முழுவதும் ஒரு தரம் மூச்சு விட்டு அடங்குவது போலிருந்தது. பழக்கதோஷத்தில் கூடாரங்களை எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் எது புடவை, எது அலை என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 28, அதிகாலை 5.30. ஈர மணலைக் குழைத்து ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனை அழைத்தார்கள். கூரையில்லாத கோயில், அலை வந்தால் அதுவும் இல்லை. அதன் முன்னால் முனுசாமியின் மகனுக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. உலகத்தில் எங்கும் முதலில் இருந்தவர்களைப் பின்னால் வந்தவர்கள்தான் எண்ணுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அறுபதுகள் வரை பூர்வகுடிகளைத் தேசத்தின் மக்கள்தொகையில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. அமெரிக்காவில் வரி கட்டாத செவ்விந்தியர்களை ஒரு காலத்தில் கணக்கில் விட்டுவிட்டார்கள். நாம் அப்படியல்ல, சேர்த்துக்கொள்கிறோம். ஆதாரம் மட்டும் கேட்போம்.

தாலி கட்டி முடிந்ததும் முனுசாமி பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்தார். ஏற்கெனவே நான்கைந்து பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். வருடா வருடம் அவர் அதை இங்கே கொண்டுவருவதும், உறவினர்கள் ஊருக்குள் போய் நகல் எடுத்து வருவதும் வழக்கமாம்.

“நகல் போதாது. அசலைக் காட்ட வேண்டும்,” என்றேன்.

“அசலு கைய விட்டுப் போவாது சார். ஒருவாட்டி ஆபீசுல குடுத்து, எட்டு மாசம் அலைஞ்சு வாங்கினேன்.”

“அப்படியானால் நீங்களும் கூட வாருங்கள்.”

“புள்ள கல்யாணத்த வுட்டுட்டா?”

“எனக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் பெரியப்பா,” என்றாள் மலர்.

முனுசாமி என்னைப் பார்த்தார். “உங்ககிட்ட எதுனா பேப்பர் கீதா சார்? அது இல்லாம நீங்க இருக்க முடியாதுன்ற மாதிரி?”

என் பையில் ஓய்வூதியப் புத்தகம் இருந்தது. ஏப்ரலில் அதைக் கருவூலத்தில் நீட்டித்தான் நான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். அதைப் பிறர் கையில் கொடுக்க விதியில் இடமில்லை. கொடுத்தேன்.

“நாளைக்குக் காலீல எல்லாரும் கெளம்பிடுவோம். அதுக்குள்ள வந்துடுங்க.”

பிற்பகல் 3.20, செங்கல்பட்டு. கோட்டாட்சியர் அசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விசாரணைக் கோப்பைப் புரட்டினார். கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்கு அதே ஊர் அரசு மருத்துவமனையில் மலரின் மனு ஏற்கப்பட்டது. கன்னியப்பன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “பத்து வருசம் சார்,” என்றார். அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

மார்ச் 1. அசலைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டிப் பேருந்து பஞ்சர். கரையை அடையும்போது பதினொன்றரை. கூடாரம் ஒன்றுகூட இல்லை. ஏழு படி இருந்த இடத்தில் ஈரம் மட்டும் பளபளத்தது. அவ்வளவு ஜனமும் கனவில் வந்து போனதோ என்று நின்றேன். தூரத்தில் ஒரு மூட்டையின் மேல் ஒரே ஓர் ஆள்.

“கையெழுத்து போட்டாரா?” என்றார் முனுசாமி.

“போட்டார். மனுவும் போய்விட்டது. மற்றவர்கள் எங்கே?”

“காலைல மொத பஸ்சுக்கே போய்ட்டாங்க. புதுப் பொண்ணு மாப்பிள்ளையும்தான்.” ஓய்வூதியப் புத்தகத்தை நீட்டினார். “இத வச்சிகினு ராத்திரி தூக்கமே வரல சார். நீங்க எப்படித்தான் இத்தினி வருசமா வச்சிகினு கீறீங்களோ.”

நான் கொடுத்த சான்றிதழை உறையில் போட்டு மூட்டைக்குள் செருகினார். “அடுத்த மகத்துக்கு அந்தப் பொண்ணையும் பேப்பரோட வரச் சொல்லுங்க. பாதிப் பேரு அதுகிட்ட போவட்டும்.”

அவருடைய பேருந்து முதலில் வந்தது. எனக்குச் செங்கல்பட்டில் மாறிய தாம்பரம் வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. சிட்லபாக்கத்தில் என் தெருவில் எல்லோரையும் பெயரோடு, பதவியோடு எனக்குத் தெரியும். எனக்காக வெயிலில் அரை நாள் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன். வண்டலூர் வந்துவிட்டது. இன்னும் ஒன்றையே தொடவில்லை.