கனகாவின் முகத்தை மறைக்க நீங்கள் யார்?

என் படத்தில் கனகாவின் முகத்தை மறைத்துவிட்டார்கள். அவரையும் கேட்கவில்லை, படமெடுத்த என்னையும் கேட்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைசூரில், அவருடைய அண்ணன் கண்ணெதிரே இது நடந்தது. வழக்கமாக இந்தப் பக்கத்தில் எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று எழுதுவேன். அதுவும் கீழே இருக்கிறது. ஆனால் இதை முதலில் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடக எல்லையோரக் கொள்ளேகாலில் முப்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். ஆவணப்படம் எடுக்க யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கற்றுக்கொண்டேன். கனகாவை முதலில் பார்த்ததும் ஒரு கல்யாணத்தில்தான். ராமாபுரத்தில் அவர் அண்ணன் மாதையனுக்குக் கல்யாணம். கனகா அப்போதுதான் திருநங்கையாக வாழத் தொடங்கியிருந்தார். அழைப்பில்லாமல் வந்து, பந்தல் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் மாதையன் வந்து அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார். வெட்ட மாட்டேன் என்றேன். வேறொருவரிடம் கொடுத்து வெட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஊரைப் பொறுத்தவரை கனகா 'பம்பாயில் வேலை செய்யும் தம்பி'.

பம்பாயெல்லாம் இல்லை. மைசூர் தேவராஜ மார்க்கெட்டில், கலர் கலராகக் குவித்து வைத்த குங்குமக் கடை ஒன்றில் நிற்கிறார். அவரைப் பற்றி நான் எடுத்த படத்தை அதே ஊர் ஹெப்பாளில் ஓர் அமைப்பு திரையிடக் கேட்டது. கனகா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணா, எங்கண்ணன எப்படியாச்சும் கூட்டிட்டு வாங்க. நாலு பேரு என்னை அக்கான்னு கூப்பிடறத ஒருக்கா பாக்கட்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிடட்டும்."

மூன்று தடவை மாதையன் வீட்டுப் படியேறினேன். கடைசியில் சரி என்றார்.

ராமாபுரத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினோம். ஹனூர், கொள்ளேகால், டி.நரசிபுரம் வழியாக மைசூர் ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோமீட்டர். கொள்ளேகாலில் வண்டி மாற வேண்டும். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் மாதையன் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, படத்துல எம்பேரு வருதுங்களா?"

"வராதுங்க. கனகாதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அதன்பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளேகாலில் இறங்கியதும் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். "வெறுங்கையோட போகக்கூடாதுங்களே" என்றார். அன்று எனக்குக் கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

மைசூர் பஸ் நிலையத்திலிருந்து ஹெப்பாளுக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். டவுன் பஸ்ஸும் உண்டு. அரங்கம் சின்னது, ஐம்பது பேர் இருந்தார்கள். கனகா புதுச் சேலையில் முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் பூக்கடை லட்சுமம்மா. மாதையன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

படத்தின் முதல் காட்சியில் கனகா கேமராவைப் பார்த்துப் பேசுவார்: "என் மூஞ்சிய மறைக்காதீங்க. எங்க வீட்டுல மறைச்சது போதும்." குரல் கணீரென்று வந்தது. அடியில் கன்னட வரிகளும் தெளிவாக வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். யாரோ சிரித்தார்கள்.

லட்சுமம்மா தன் கன்னடம் கலந்த தமிழில் சத்தமாகவே கேட்டார். "ஏ கனகா, நீ என்ன திருடினே கணே? டிவி நியூஸ்ல திருடனுக்குத்தானே இப்பிடிப் போடுவாங்க!"

கனகா சிரிக்கவில்லை. நான் எழுந்து படத்தை நிறுத்தச் சொன்னேன். நிர்வாகிப் பெண் ஓடி வந்தார்.

"பாதுகாப்புக்காகத்தான் சார். திருநங்கைங்க வர்ற எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் பண்றோம். அது எங்க பாலிசி."

"என் பாதுகாப்ப உன் கையில எப்பம்மா குடுத்தேன்?" என்றார் கனகா. "தினம் எத்தனை டூரிஸ்டு என்னை போட்டோ எடுக்கறான் தெரியுமா உனக்கு?"

மறைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இதே படத்தில் இரண்டு பேர் கேட்டார்கள், நானே மறைத்திருக்கிறேன். கேட்டவருக்கு மறைப்பது மரியாதை. வேண்டாம் என்றவருக்கு மறைப்பதற்குப் பெயர் வேறு. மறைக்காத பிரதி என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைப் போடுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலிடம் போனை எடுக்கவில்லை.

மாதையன் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்.

"ஏனுங்க வீடியோக்காரரே, படிச்சவிங்களே மறைக்கறாங்க. நாங்க மறைச்சது மட்டும் தப்புன்னு இத்தன வருசமா எங்கிட்ட மல்லுக்கு நின்னீங்களே?"

கனகா பத்தடி தள்ளி நின்றார். மாதையன் தலையை நிமிர்த்தியிருந்தால் போதும், அந்த முகத்தை நேரிலேயே பார்த்திருக்கலாம். நிமிர்த்தவில்லை. பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று ஆட்டோ ஏறிவிட்டார். அண்ணனுக்காகக் கனகா வைத்த கோழிக்குழம்பை நானும் லட்சுமம்மாவும்தான் சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: தேவராஜ மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் நெரிசல். கர்நாடக முகவரி அட்டை இருந்தால் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் அரசின் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை. அந்த இலவசச் சீட்டைக்கூட நடத்துநர் கனகாவின் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

இனி நடக்க வேண்டியது. அந்த அமைப்பு அதே அரங்கத்தில், அதே ஐம்பது பேரை அழைத்து, மறைக்காத படத்தைப் போட வேண்டும். நிர்வாகிப் பெண் மார்க்கெட்டுக்குப் போய்க் கனகாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு அனுப்பிய மன்னிப்பு மின்னஞ்சல் போதாது. மேலிடம் அந்தப் பாலிசியைக் கிழித்துவிட்டு, ஒவ்வொருவரையும் கேட்கப் பழக வேண்டும். என்னைப்போல் படமெடுப்பவர்கள் பிரதியை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல், திரையிடுமுன் முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். குங்குமக் கடையில் படமெடுக்கும் நீங்கள், நிற்பவரைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மாதையன் மறுபடி பஸ் ஏற வேண்டும்; நான்காம் தடவையும் அவர் வீட்டுப் படியேற நான் தயார்.

கனகா செய்ய வேண்டியது எதுவுமில்லை. தன் பங்கைப் படத்தின் முதல் காட்சியிலேயே அவர் செய்துவிட்டார்.