நாலு கோடு இருந்தால் மழை இல்லை

மொட்டை மாடியில் நின்று, கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அதன் மூலையில் தெரியும் நாலு சின்னக் கோடுகளை வைத்து மழையை அளந்தவன் நான். ஒரு பருவம் முழுவதும் இதைச் செய்தேன். அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு; எல்லாவற்றிலும் பாதிவரை படித்திருக்கிறேன். இந்தப் பாதிவரை என்பதுதான் என் வாழ்க்கையின் எல்லாத் தொந்தரவுகளுக்கும் காரணம்.

இந்த மழை அளக்கும் வித்தையைச் சொன்ன கட்டுரையையும் பாதிதான் படித்தேன். செல்போன் கோபுரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அலைகள் மழைத்துளிகளின் ஊடே போகும்போது வலுவிழக்கின்றன. எவ்வளவு வலுவிழந்தன என்று பார்த்து, மழை எவ்வளவு என்று கணக்கிடலாம். வானிலைச் செயற்கைக்கோள் மேலிருந்து எடுக்கும் மேகப் படத்தையும் சேர்த்துக்கொண்டால், மழைமானி இல்லாத ஊரின் மழையைக்கூட அறிந்துவிடலாம். இதுவரை வந்தபோது என் போனில் ஒரு கோடு குறைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே தூறல். அப்புறம் யார் மீதியைப் படிப்பார்கள்?

கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் இப்படி ஒரு ஆள் தேவையாகவும் இருந்தது. மலையாளத் தொலைக்காட்சி பாலக்காடு மாவட்டம் முழுவதற்கும் மஞ்சள் எச்சரிக்கை விடும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. மேற்கே வெள்ளம் போகும். கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் பிள்ளைகள் புழுதி பறக்கக் கிரிக்கெட் விளையாடுவார்கள். தமிழ்ச் சேனலைத் திருப்பினால் கோயம்புத்தூருக்குச் சொல்வான். அதில் நாங்கள் சேர்த்தி இல்லை. இரண்டு மாநில வானிலைக்கும் நடுவில் கிடந்த சந்து எங்களுடையது. காலியாகக் கிடந்த இடத்தில் நான் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆனி, ஆடியில் என் ஜோசியம் பலித்தது என்பதுதான் கொடுமை. மேற்கேயிருந்து மேல்காற்று வீசும், கோடு இரண்டாகும், ஒன்றாகும், பின்னாலேயே மழை வந்து நிற்கும். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள். "ஏனுங்ண்ணா, இன்னைக்கு எத்தன கோடுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வெங்காயத்துக்கு மருந்தடிக்கப் போனார்கள். செயற்கைக்கோள் படத்தை விரலால் பெரிதாக்கி, "இதோ பாருங்க, மேகம் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது" என்று நான் சொன்னால், பாலாற்றுவதை நிறுத்திவிட்டுக் கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார். படம் எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் அக்காவின் தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வருடம் அவளுக்குக் கடலைக்காய் நன்றாக விளைந்திருந்தது. பெரிய காய்களாக ஆய்ந்து, விதைக்கென்று தனியாகக் களத்தில் காயப்போட்டிருந்தாள். அவள் தலைவியாக இருக்கும் பெண்கள் குழுவில் எல்லோருக்கும் அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். காயும் விதைக்காயில் தண்ணீர் பட்டால் முளைத்துவிடும். முளைத்தால் விதையும் இல்லை, வாக்கும் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவசரமாக அக்கா வீட்டுக்கு வந்தார். அன்று அவர் மகளுக்கு நிச்சயம். பந்தி போடும் இடத்தில் வெயில் அடிக்கிறது. அக்காவின் பெரிய தார்ப்பாய் வேண்டும். நானும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தயங்கினாள். "தர்றதுக்கென்னங்க, கெழக்க லேசாக் கருக்குதுங்களே. என்ற காய் களத்துல கெடக்குது."

"வெயிலு இந்தப் போடு போடுது, மழ எங்கிருந்துங்க்கா வரப் போகுது? அண்ணனையே கேளுங்க."

நான் போனை எடுத்தேன். நாலு கோடும் விறைப்பாக நின்றன. பல மாதமாக எங்கள் ஊரில் நான் பார்த்திராத நாலு. போதாதென்று, தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தியும் வந்திருந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

"குடுத்தனுப்புக்கா. இன்னைக்கு மழை கிடையாது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"விஞ்ஞானம் சொல்லுது."

அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். தார்ப்பாயை மடித்துக் கொடுத்தாள்.

மதியம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாயசம் ஊற்றும் நேரத்தில் தலைக்கு மேல் தார்ப்பாய் தடதடவென்று அடித்துக்கொண்டது. சரம் சரமாக மழை. என் இலையில் ஒரு சொட்டு விழவில்லை. தார்ப்பாய் நல்ல தார்ப்பாய். பந்தி முழுவதும் என் பக்கம் திரும்பியது. எதிர் வரிசையிலிருந்து ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்ண்ணா, இப்ப கோடு எத்தனைங்க?"

பார்த்தேன். அப்போதும் நாலு.

எச்சில் கையோடு ஓடினேன். அக்காவும் மச்சானும் பழைய சேலை, சாக்கு, பாய் என்று கிடைத்ததையெல்லாம் களத்தில் விரித்துக்கொண்டிருந்தார்கள். சேலை மழையைத் தடுக்காது, வடிகட்டித்தான் கொடுக்கும். "வந்துட்டானா, சாப்பிட்டானா?" என்று அக்கா என்னைக் கேட்காமல் மச்சானைக் கேட்டாள்.

சில நாளில் காய் முளைத்தது. அக்கா பெண்கள் குழுவில் போய், இந்த முறை விதைக்காய் தர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டார்களாம். "என்ற தம்பி மழ வராதுன்னான்" என்று மட்டும் சொன்னாளாம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லையாம்.

அக்கா மகள் கொச்சியில் ஒரு செல்போன் கம்பெனியில் இன்ஜினியர். விஞ்ஞானம் என்னை ஏன் கைவிட்டது என்று அவளிடம் போனில் நியாயம் கேட்டேன்.

"மாமா, போன் கோட்டை வெச்சா பாத்தீங்க?" அவள் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். "மழை வந்தா இந்தக் கோடெல்லாம் பெருசா அசையாது. டவர் மேல மத்தளம் மாதிரி வட்டமா ஒண்ணு கட்டியிருக்கும்ல, அது அடுத்த டவர்ல இருக்கற வட்டத்தோட பேசும். அந்தப் பேச்சுதான் மழையில வலுக் கொறையும்."

"அப்ப ஆடி மாசம் எனக்குச் சரியாத்தானே வந்துச்சு?"

"காத்தடிச்சா தென்னமட்ட விழுந்து கரண்ட் போகும். டவர்ல பேட்டரி எறங்கும். கோடு கொறையும். நீங்க மழைய அளக்கல மாமா, கரண்ட் கட்டை அளந்திருக்கீங்க."

"அன்னைக்கு நாலு கோடு?"

"நம்ம டவர் மொத்தமா நின்னுருக்கும். உங்க போன் எல்லை தாண்டி அந்தப் பக்கத்து டவரைப் புடிச்சிருக்கு. வரவேற்பு மெசேஜ் வரலியா?"

வந்தது. படித்துப் பூரித்தேன் என்பதைச் சொல்லவில்லை.

செயற்கைக்கோளையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன். அது மேகத்தின் உச்சந்தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பார்க்கும். அடியில் என்ன சொட்டுகிறது என்பதை அதை வைத்து ஊகிக்க வேண்டும் என்றாள். அதனால்தான் கீழே இருக்கும் கோபுரங்களின் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். அது என் கட்டுரையின் மீதிப் பாதியில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். நிச்சயத்தன்று மதியம், எங்கள் பகுதியைத் தாண்டிப் பேசிக்கொள்ளும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் அலையின் வலு சட்டென்று விழுந்து, மழை விட்டதும் ஏறியிருக்கிறதாம். மழைமானி எதிலும் பதிவாகாத மழை, கோபுரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு உயிர் வந்தது. தோற்றது நான்தான், விஞ்ஞானம் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல, நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் முளைத்த காயையும் முளைக்காத காயையும் பிரித்துக்கொண்டிருந்தாள். அலை, மத்தளம், துளி எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கி முடித்தேன்.

"ஆகக்கூடி, உன்ற களத்துல மழை விழுந்தது அந்த டவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்குக்கா!"

அக்கா முளைத்த காய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மழ பேயறப்ப மழ பேயுதுன்னு கண்டுபுடிக்கறதுக்கா அத்தன ஒசரத்துல மத்தளம் கட்டி வெச்சிருக்கறாங்க? அது இந்தக் கடலக்காய்க்கே தெரிஞ்சுதேடா."