மாரிச்செல்வி கேட்டு வாங்கிய இடமாற்றம்

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில், பூச்சட்டிக்கு மருந்து செலுத்தும் அறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் மாரிச்செல்வி. அந்தப் பதினான்கு வருடத்தில் அவள் அறையில் ஒரு பொறி பறந்ததில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றால் ஐந்தாவது ஆளை, அது முதலாளியாகவே இருந்தாலும், வாசலிலேயே நிறுத்திவிடுவாள். உள்ளே வருபவர்கள் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காகக் கதவோரம் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். யாராவது மறந்தால் அவள் போடும் சத்தம் நாலு அறை தள்ளிக் கேட்கும். "மாரிச்செல்வி ரூமா? அப்ப நிம்மதியாப் போயிட்டு வா" என்று பெண்களை அனுப்பிவைக்கும் வீடுகள் ஆனைக்குட்டத்தில் உண்டு.

அவளும் ஆனைக்குட்டம்தான். கணவர் ஜெயபாண்டிக்கு அங்கே நாலு ஏக்கர் கரிசல். மக்காச்சோளம், விட்டால் பருத்தி. ரோஷினி என்று ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. மாரிச்செல்வி காலையில் கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம் அதே வேனில் இறங்குவாள். மருந்து அறையில் கூலி கூடுதல். அதைவிட, அந்த வேலையை எல்லோரிடமும் கொடுக்க மாட்டார்கள் என்பதில் அவளுக்கு ஒரு மிடுக்கு இருந்தது.

வேன் நிற்கும் டீக்கடைப் பக்கம் ஓர் ஆள் வந்து நிற்பான். கேரளத்தில் தினமும் மூன்று மணிக்கு லாட்டரி குலுக்குவார்கள். பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிட்டால் பணம். காசை வாங்கிக்கொண்டு அவன் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுப்பான். சட்டப்படி தப்பு என்று அவனுக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஒரு தை மாதம், சும்மா விளையாட்டாக, வேன் நம்பரின் கடைசி மூன்று எண்ணைச் சொன்னாள் மாரிச்செல்வி. விழுந்துவிட்டது. மகளுக்குக் கொலுசு எடுத்தாள். அதிர்ஷ்டக்காரி என்று வேன் முழுக்கப் பேச்சு.

அந்தக் கொலுசோடு நின்றிருந்தால் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் அறையில் கூட வேலை பார்த்த செல்லத்தாயும் லாட்டரி வாங்குகிறவள்தான். வருடத்துக்கு ஒரு தடவை, குற்றாலம் போகும்போது அப்படியே எல்லை தாண்டிப் போய் ஓணம் பம்பர் ஒன்றே ஒன்று வாங்குவாள். டிக்கெட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். குலுக்கல் முடிந்து பத்து நாள் கழித்து யாராவது கேட்டால்தான் அவளுக்கு ஞாபகமே வரும். மாரிச்செல்விக்கு அப்படி மறக்க முடியவில்லை. வாரம் ஒன்று என்பது தினம் ஒன்றானது, பிறகு தினம் நாலைந்தானது. பஸ் நம்பர், காலண்டர் தேதி, எடைச் சீட்டு, கரண்ட் பில் எல்லாமே அவளுக்கு எண்களாகத் தெரிய ஆரம்பித்தன. நேற்று விட்டதை இன்று எடுத்துவிட்டு நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று நினைப்பாள். அந்த நாளை வரவே இல்லை. இப்படியே இரண்டு வருடம்.

ஆலைக்குள் செல்போன் கூடாது. காலையிலேயே கேட்டில் கொடுத்துவிட வேண்டும். ஆனால் மூன்று மணி ஆனதும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேட்டுக்கு வெளியே லோடு ஏற்றக் காத்திருக்கும் லாரிக்காரரிடம் போன் இருக்குமே. வயிற்றுவலி என்பாள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்பாள். போய் எண்ணைக் கேட்டுவிட்டு வருவாள்.

அது ஆவணி மாதம், தீபாவளி சீசன். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். மூன்றே கால் மணிக்குக் கேட்டுக்குப் போனவள் வேகவேகமாகத் திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் எண்ணுக்கும் விழுந்த எண்ணுக்கும் ஒன்றுதான் வித்தியாசம். ஒன்றே ஒன்று. அதையே நினைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தாள், மருந்துத் தட்டின் மேல் கையை நீட்டினாள்.

"ஏ மாரி! கைய எடு! தகட்டத் தொடலியே நீ!" என்று கத்தினாள் செல்லத்தாய்.

மாரிச்செல்வி கையை இழுத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. மற்ற இரண்டு பெண்களும் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள் மாரிச்செல்வி.

மெதுவாக வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றாள். பிறகு நேராக போர்மேன் பலவேசத்திடம் போனாள்.

"அண்ணாச்சி, என்னைய மருந்து ரூமுல இருந்து மாத்திருங்க."

"என்னம்மா, மேலுக்குச் சொகமில்லையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் அங்கன இல்ல. மூணு நம்பர் சீட்டு போடுதேன் அண்ணாச்சி. ரெண்டு வருசமா. இன்னைக்கு அந்த நெனப்புல தகட்டத் தொடாம மருந்துல கைய வைக்கப் போயிட்டேன்."

வேறு யாராவது வந்து கோள் சொல்லியிருந்தால் பலவேசம் நம்பியிருக்கவே மாட்டார்.

"சீசன் நேரத்துல ஒன்னைய மாத்துனா நான் ஆளுக்கு எங்க போவேன்? இனிமே சூதானமா இருந்துக்கோ."

"இருக்க முடிஞ்சா இருந்திருக்க மாட்டேனா? நிறுத்தணும்னு எத்தனையோ தடவ நெனச்சுட்டேன், முடியல. நாலு பேரு உசுரு அண்ணாச்சி. பெட்டி ஒட்டுற எடத்துல போடுங்க. கூலி கொறஞ்சாலும் பரவாயில்ல."

மறுநாள் காலையில் அவள் அட்டைப்பெட்டி ஒட்டும் கொட்டகையில், பசை வாளியோடு உட்கார்ந்தாள். காரணம் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. சிலர் சிரித்தார்கள்.

வீட்டிலும் அவளே சொன்னாள். ஜெயபாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எம்புட்டுப் போச்சு?"

"தெரியலைங்க. தெரிஞ்சுக்கப் பயந்துக்கிட்டே நான் கணக்கு வைக்கல."

அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேன் டீக்கடையில் நிற்பதற்கு முந்தின நிறுத்தத்தில் பைக்கோடு நின்றார். "இங்கனயே இறங்கிரு. இனிமே நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாரிச்செல்வி அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வரை அழுதாள்.

செல்லத்தாய்தான் அவளை விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று மாரிச்செல்விக்குப் பயம். ஆலோசகராக இருந்த பெண் அப்படி எதுவும் சொல்லவில்லை. விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போட்டீர்களா, இதற்காகப் பொய் சொன்னீர்களா, போடாத நாளில் எரிச்சல் வந்ததா, நிறுத்தப் பார்த்தும் முடியாமல் போனதா என்று கேட்டார். நான்குக்கும் ஆமாம் என்றாள்.

"இது கெட்ட குணம் இல்லம்மா, நோய். கேட்டு வந்துட்டீங்க பாருங்க, பாதிப் பேர் அதைச் செய்ய மாட்டாங்க."

வாரம் ஒரு தடவை, செவ்வாய்க்கிழமைகளில், ஆலோசகரைப் பார்க்கப் போனாள். எல்லாம் நேராகப் போய்விடவில்லை. நான்காம் மாதம், ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் மண்டபத்துக்கு வெளியே அந்தச் சீட்டுக்காரனைப் பார்த்துவிட்டாள். இரண்டு சீட்டு வாங்கினாள். அன்று மாலை விளக்கு வைக்கும் முன்பே கணவரிடம் சொன்னாள். ஜெயபாண்டி கோபப்படவில்லை. "சொல்லிட்டேல்ல, விடு. வார செவ்வாய்க்கிழமை அந்தம்மாகிட்டயும் சொல்லு" என்றார். அவளும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சீட்டைத் தொடவில்லை.

அடுத்த சித்திரையில் பலவேசம் பெட்டிக் கொட்டகைக்கு வந்தார். "போதும்மா, மருந்து ரூமுக்கு வந்துரு" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இன்னமும் மூணு மணி ஆனா நெஞ்சு கேக்குது. கேக்காத அன்னைக்கு நானே வந்து சொல்லுதேன்."

பதினாறு மாதம் பெட்டி ஒட்டினாள். ஒரு நாள் பசை தடவிக்கொண்டே தலையை நிமிர்த்தினால், வேன் வந்து நிற்கிறது. மூன்று மணி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. அவசரப்படாமல் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போய்ச் சொன்னாள்.

மருந்து அறைக்கு அவள் திரும்பிய அன்று பலவேசம் முதலாளியிடம் பேசி ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மனசு சரியில்லை என்று யார் சொன்னாலும், காரணம் கேட்காமல் அன்றைக்கு வேறு வேலை. கூலியில் பிடித்தம் இல்லை. வீட்டுச் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இதுவரை ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரில் ஒரு காதுகுத்து வீட்டில், "ஒம் பொண்டாட்டி லாட்டரிச் சீட்டு போட்டு மாட்டிக்கிட்டாளாமே" என்று சொந்தக்காரர் ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்டார்.

"மாட்டிக்கிடலண்ணே. அவளே போயிச் சொன்னா" என்றார் ஜெயபாண்டி. "நாலு உசுரு இருக்குன்னு கூலியக் கொறச்சுக்கிட்டு வெளிய வந்தா. சொன்னா அதையும் சேத்துச் சொல்லுங்க."

சென்ற மாதம் கலவை அறையில் வேலை பார்க்கும் ஊர்க்காவலன் என்பவர் அவளைத் தேடி வந்தார். செல்போனில் பணம் வைத்து ரம்மி ஆடுகிறவர். இடமாற்றம் கேட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிட்டு வாங்கண்ணே. மதினியவும் கூட்டிட்டு வாங்க" என்றாள் மாரிச்செல்வி. "ஆஸ்பத்திரியில டோக்கன் எங்க போடணும்னு நான் காட்டுதேன்."